ஒப்புமை என்னும் ஒற்றைச் சொல்: ‘அனலாக்’ கலைச்சொல்லாக்கம் குறித்த ஒரு மறுப்பு

முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்த முயற்சியாகும். 1916இல் இராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களுக்கெனக் கழகம் கண்டு இதழ் நடத்திய காலந்தொட்டு இன்றுவரை பல்லாயிரம் சொற்கள் ஆக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல நிலைபெற்றன, சில வழக்கொழிந்தன. இது எம்மொழிக்கும் இயல்பே. ஆயின் இம்முயற்சியின் ஊடே ஒரு தவறான கொள்கை வேரூன்றிவிட்டது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லே இருத்தல் வேண்டும், அச்சொல்லே எல்லாத் துறைகளிலும் ஆளப்படுதல் வேண்டும் என்பதே அக்கொள்கை. இதனைச் சீர்மை என்றும் தரப்படுத்தம் என்றும் பெயரிட்டுப் போற்றுவோர் தமிழறிஞருள் மிகப் பலர்.

இக்கொள்கையின் குறையைக் காட்டுதற்கு ‘அனலாக்’ என்னும் ஒரு சொல்லே போதும். கலைச்சொல் பட்டியல்கள் பலவும் இச்சொல்லுக்கு ‘ஒப்புமை’ என்று எழுதி அமைகின்றன. உயிரியலுக்கும் வேதியியலுக்கும் மின்னணுவியலுக்கும் ஒப்பிலக்கியத்திற்கும் அதே ‘ஒப்புமை’. இது பொருந்தாது என்பதும், இதனால் விளையும் குழப்பம் சொல்லளவில் நில்லாது அறிவுத் துறைகளையும் தமிழ்த்துறைகளின் ஆய்வையும் தாக்குகிறது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

சொல்லின் பிறப்பு

‘அனலாக்’ என்பதன் வேர் ‘அனலோகியா’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். அது முதற்கண் கணக்கியலுக்கு உரியது. யூக்ளிடின் நூலில் ஐந்தாம் பகுதி முழுவதும் பேசுவது இதனையே. இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள உறவே மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள உறவு என்பது போன்ற சமன்பாட்டினை அது குறித்தது. இன்றைய தமிழ்ப் பாடநூல்கள் இதனை விகிதசமம் என்கின்றன.

கணக்கியலுக்கு உரிய இச்சொல்லை அரிஸ்டாட்டில் உருவகத்தை விளக்குதற்கும் ஆண்டார். டயோனிசஸ் என்னும் தெய்வத்திற்குக் கிண்ணம் எவ்வாறோ ஏரிஸ் என்னும் போர்த்தெய்வத்திற்குக் கேடயம் அவ்வாறு என்பது கவிதையியலில் அவர் தரும் எடுத்துக்காட்டு. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கிண்ணமும் கேடயமும் தம்முள் ஒத்தன என்பது அவர் கருத்தன்று. கிண்ணத்திற்கும் அதனை உடைய தெய்வத்திற்கும் உள்ள உறவு, கேடயத்திற்கும் அதனை உடைய தெய்வத்திற்கும் உள்ள உறவை ஒத்தது என்பதே கருத்து. எனவே பிறப்பிலேயே இச்சொல் பொருளோடு பொருள் ஒத்தலைக் குறித்ததன்று. உறவோடு உறவு ஒத்தலைக் குறித்தது. ‘ஒப்புமை’ என்று பொதுப்பட மொழிபெயர்த்த அளவிலேயே இந்நுட்பம் மறைந்துபோகிறது.

உயிரியலும் வேதியியலும்

உயிரியலில் இச்சொல்லுக்கு வரையறை தந்தவர் ரிச்சர்டு ஓவன். 1843இல் வெளிவந்த தம் சொற்பொழிவு நூலில் அவர் இரு சொற்களை எதிரெதிர் நிறுத்தினார். ஒரு விலங்கின் உறுப்பு மற்றொரு விலங்கின் வேறோர் உறுப்புச் செய்யும் தொழிலையே செய்யுமாயின் அஃது ‘அனலாக்’. வடிவும் தொழிலும் எவ்வளவு மாறினும் வெவ்வேறு விலங்குகளில் அதே உறுப்பாக நிற்பது ‘ஹோமோலாக்’. வண்ணத்துப்பூச்சியின் சிறகும் பறவையின் சிறகும் முன்னதற்குச் சான்று. மனிதனின் கையும் திமிங்கிலத்தின் துடுப்பும் பின்னதற்குச் சான்று. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபின் இவ்வேறுபாடு மேலும் ஆழம் பெற்றது. ‘ஹோமோலாக்’ பொது மூதாதையைக் காட்டும் சான்றாயிற்று; ‘அனலாக்’ தொடர்பில்லா இரண்டு உயிர்கள் ஒரே தேவைக்கு விடைகண்டதன் அடையாளமாயிற்று.

வௌவாலின் சிறகும் பறவையின் சிறகும் இவ்விரண்டனுள் எதன்பாற்படும் எனின், இரண்டன்பாலும் படும். முன்கால் என்ற அளவில் அவை ஒரு வழியில் வந்தவை. சிறகு என்ற அளவில் தனித்தனியே தோன்றியவை. ஆகவே ‘ஒத்துள்ளன’ என்று கூறுவதால் மட்டும் எதுவும் கூறியதாகாது. எவ்வகையில் ஒத்துள்ளன என்பதே வினா. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இவ்விடத்துச் செம்மையாகச் செயற்பட்டுள்ளன. அவை ‘செயலொத்த உறுப்புகள்’ என்றும் ‘அமைப்பொத்த உறுப்புகள்’ என்றும் பிரித்து வழங்குகின்றன. பத்தாம் வகுப்பு மாணவர்க்கு விளங்கும் இவ்வேறுபாடு கலைச்சொல் பட்டியல்களில் இடம்பெறாது ‘ஒப்புமை’ என்று ஒடுங்கிவிடுவது வியப்பிற்குரியது.

வேதியியலுக்கு வருங்கால் நிலை தலைகீழாகிறது. அங்கு ‘அனலாக்’ எனப்படுவது ஒரு மூலக்கூற்றினை அமைப்பில் பெரிதும் ஒத்து, ஓர் அணுவோ அணுத்தொகுதியோ மாறி நிற்கும் மற்றொரு மூலக்கூறு. எய்ட்ஸ் நோய்க்கு 1987இல் அமெரிக்காவில் முதன்முதல் ஒப்புதல் பெற்ற மருந்தாகிய சிடோவுடின் இதற்குத் தக்க சான்றாகும். அது தைமிடின் என்னும் நியூக்ளியோசைடின் ‘அனலாக்’. தைமிடினில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி நிற்கும் இடத்தில் இதில் அசைடோ தொகுதி நிற்கிறது. நோய்க்கிருமியின் நொதி இதனைத் தைமிடின் எனக் கொண்டு தன் மரபிழையில் கோக்கிறது. ஆயின் அடுத்த கண்ணியைக் கோத்தற்குரிய தொகுதி இதில் இல்லாமையால் இழை அவ்விடத்தே அறுபடுகிறது. அமைப்பு ஒத்திருத்தலும் செயல் மாறுபடுதலுமே இங்கு மருந்தின் ஆற்றலாகும்.

இனி இரண்டனையும் அருகருகே வைத்து நோக்குக. உயிரியலில் ‘அனலாக்’ செயலால் ஒத்தது. அமைப்பால் ஒத்ததற்கு மறுதலை. வேதியியலில் ‘அனலாக்’ அமைப்பால் ஒத்தது. செயலால் மாறுபடவும் கூடும். ஓர் ஆங்கிலச் சொல் இரு துறைகளில் ஒன்றற்கொன்று எதிரான இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. இதன் இணைச்சொல்லாகிய ‘ஹோமோலாக்’ என்பதும் அவ்வாறே துறைதோறும் வேறுபடுகிறது. வேதியியலார் அதனை மூதாதை உறவுக்கு ஆளாது, படிப்படியாக ஒரே அளவு வேறுபட்டுச் செல்லும் சேர்மங்களின் வரிசைக்கு ஆளுகின்றனர். தமிழ்ப் பாடநூல்கள் அதனைப் ‘படிவரிசை’ என்று அழகுற வழங்குகின்றன. ‘ஹோமோலாக்’ என்பதற்கு உயிரியலில் ஒரு சொல்லும் வேதியியலில் பிறிதொரு சொல்லும் அமைதல் தகுமாயின், ‘அனலாக்’ என்பதற்கு மட்டும் ஒரே சொல் வேண்டும் என்பது எவ்வாறு தகும்?

மின்னணுவியல்

மின்னணுவியலில் இச்சொல் தொடர்ச்சியைக் குறிக்கிறது என்பர். விட்டுவிட்டு எண்ணால் குறிப்பது ‘டிஜிட்டல்’. இடையறாது மாறுவது ‘அனலாக்’. இன்றைய வழக்கில் இது சரியே. ஆயின் இப்பொருள் எவ்வாறு வந்தது என்பதை அறியாதவர்க்கு ‘ஒப்புமைக் கணினி’ என்னும் தொடர் பொருளற்ற ஒலியாகவே தோன்றும்.

ஒரு சுருள்வில்லில் தொங்கும் நிறையின் அசைவும், மின்தூண்டியும் மின்தடையும் மின்தேக்கியும் அமைந்த ஒரு சுற்றில் மின்னூட்டத்தின் அசைவும் ஒரே வகைச் சமன்பாட்டிற்கு அடங்குவன. நிறைக்கு நிகராகத் தூண்டலும், உராய்வுக்கு நிகராகத் தடையும், வில்லுக்கு நிகராகத் தேக்கியும் நிற்கும். எனவே ஒன்றைக் கட்டி அளந்து மற்றொன்றின் போக்கினை அறியலாம். 1931இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானெவர் புஷ் அமைத்த பொறியும், 1949இல் பில் பிலிப்ஸ் நாட்டுப் பொருளாதாரத்தின் பணப்போக்கினைக் குழாய்வழி ஓடும் நீரால் காட்டிய பொறியும், 1953இல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா நேரியல் சமன்பாடுகளுக்குத் தீர்வு காண அமைத்த கணினியும் இந்நெறியில் எழுந்தனவே. ஒரு பொறி ‘அனலாக்’ எனப் பெயர் பெற்றது அது தொடர்ச்சியாக இயங்கியமையால் அன்று. பிறிதொன்றற்கு நிகராக நின்றமையால். தொடர்ச்சி என்னும் பொருள் ‘டிஜிட்டல்’ எதிர்நின்ற பின்னரே முதன்மை பெற்றது.

அதன்பின்னும் சொல் நகர்ந்தது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டு, நாடெங்கும் ‘டிஜிட்டல்’ முறை கட்டாயமாக்கப்பட்ட ஆண்டுகளில், பொதுமக்கள் வாயில் ‘அனலாக்’ என்பதற்குப் ‘பழைய முறை’ என்பதே பொருளாயிற்று. இதற்கிடையே, முள் சுழலும் கடிகாரத்திற்கு மக்கள் எந்தக் குழுவையும் கேளாது ‘முள் கடிகாரம்’ என்று பெயரிட்டனர். ‘ஒப்புமைக் கடிகாரம்’ என்று எவரும் கூறார். கண்ணுக்குப் புலனாகும் வேறுபாட்டைப் பற்றிப் பெயரிடுதல் மக்கள் நெறி; அகராதியின் முதற்பொருளைப் பற்றிப் பெயரிடுதல் பட்டியல் நெறி. முன்னதே சிறந்தது என்பதற்கு இஃதொன்றே சான்று.

போலி என்னும் சொல்லின் படிப்பினை

நல்ல தமிழ்ச் சொல் கிடைப்பினும் அதனை எல்லாத் துறைக்கும் ஏற்ற இயலாது என்பதற்குப் ‘போலி’ என்னும் இலக்கணச் சொல் எடுத்துக்காட்டாகும். நிலம் நிலன் ஆவதும் பந்தல் பந்தர் ஆவதும் நன்னூலார் நெறியில் போலி எனப்படும். ஓரெழுத்து நின்ற இடத்தில் பிறிதோரெழுத்து வந்தும் சொல் தன் தொழிலைச் செய்கிறது. ஓர் அணுத்தொகுதி நின்ற இடத்தில் பிறிதொன்று வந்து நிற்கும் வேதி ‘அனலாக்’ இதனை நெருங்கி நிற்கிறது. எழுத்துப்போலியில் பொருள் மாறாது. மருந்திலோ விளைவு மாறுவதே பயன் என்னும் வேறுபாடு ஒன்றுண்டு. எனினும் இடமாற்றம் என்னும் கருத்தை இதனினும் நன்கு உணர்த்தும் சொல் அரிது.

ஆயினும் இச்சொல்லை மருத்துவத்தில் ஆளவே கூடாது. இன்றைய வழக்கில் ‘போலி மருந்து’ என்றால் ஏமாற்று மருந்து என்பதே பொருள். நீரிழிவு நோயாளி ஒருவருக்கு, 1996 முதல் வழக்கில் உள்ள லிஸ்புரோ போன்ற இன்சுலின் ‘அனலாக்’ ஒன்றைப் ‘போலி இன்சுலின்’ என எழுதிக் கொடுத்தால் அவர் அதனைத் தொடுவாரா? ‘ஒப்புமை இன்சுலின்’ என்றால் அச்சம் விளையாது. ஆயின் அறிவும் விளையாது. கலைச்சொல்லின் தகுதி அதன் சொற்பிறப்பில் மட்டும் இல்லை. அதனைப் படிப்பவர் யார், படித்தபின் என்ன செய்வார் என்பதிலும் உள்ளது.

இலக்கண மரபு காட்டும் வழி

ஒப்புமையை வகைப்படுத்தும் கருவி தமிழில் இல்லையோ எனின், அற்றன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல், ஒப்புமைக்கு நான்கு அடிப்படைகளை வகுக்கிறது. அவை வினை, பயன், மெய், உரு என்பன. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். பின்வந்த தண்டியலங்காரம் பண்பு, தொழில், பயன் என மூன்றாக அமைத்தது. எண்ணிக்கை மாறினும் வினா மாறவில்லை. ‘இது அதனை ஒத்தது’ என்பவரை நோக்கி ‘எதனால்?’ என்று கேட்பதே இம்மரபின் முதற்பணி.

இவ்வினாவைக் கொண்டு நோக்கினால் முன்னர்க் கூறிய குழப்பம் தெளிவடைகிறது. உயிரியலின் ‘அனலாக்’ வினை பற்றிய ஒப்பு. வேதியியலின் ‘அனலாக்’ மெய் பற்றிய ஒப்பு. ‘செயலொத்த’, ‘அமைப்பொத்த’ என்னும் பாடநூல் சொற்கள், ஆக்கியோர் கருதினும் கருதாவிடினும், இவ்வடிப்படைகளின் மேலேயே நிற்கின்றன. உவமம் என்பது அணி மட்டும் அன்று என்பதற்கும் சான்றுண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை எண்ணும் அளவைகளுள் உவமமும் ஒன்று. காட்டில் முன்பின் கண்டிராத விலங்கினைக் கண்டு, ‘ஆவினைப் போன்றது’ என முன்னர்க் கேட்டதைக் கொண்டு அதன் பெயரை உணரும் நியாய நூலாரின் விளக்கமும் இதனைச் சார்ந்ததே. ஒப்புமையை அறிவின் வாயிலாகக் கொண்ட மரபிற்கு உரியோர், அறிவியலில் அச்சொல்லை வகையறியாது ஆளுதல் முறையன்று.

எல்லாம் பண்டே உண்டு என்று கூறுதல் இதன் நோக்கமன்று. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தொசைட்டுப் பாறை நிலவின் உயர்நிலப் பாறையினை ஒத்தது. சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்கு அதனைப் பொடித்து நிலவு மண்ணிற்கு நிகராகப் பயன்படுத்தினர். 2024 நவம்பரில் லே பகுதியில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய பயிற்சியும் ‘அனலாக்’ பயணம் என்றே பெயர்பெற்றது. வேற்றுலகச் சூழலை அந்நிலம் ஒத்திருத்தலே காரணம். பாறையின் ஒப்பு கனிம அமைவு பற்றியது. நிலத்தின் ஒப்பு சூழல் பற்றியது. இவை உவமவியலின் நான்கனுள் நேரே அடங்குவன அல்ல. மரபு தரும் விடை போதாத இடத்தில் மரபு கேட்ட வினாவே துணையாகும். இவ்விரண்டற்கும் ‘நிகர்மண்’, ‘நிகர்நிலம்’ என்பன போதும்.

தமிழ்த்துறைகளின் பொறுப்பு

இதுகாறும் கூறியவை அறிவியலார்க்குரியன, தமிழ் ஆய்வாளர்க்கு என்ன எனக் கேட்பார்க்கு விடை அவர்தம் ஆய்வேடுகளிலேயே உள்ளது. தமிழ்த்துறைகளில் ஒப்பிலக்கியம் என்னும் பெயரால் ஆண்டுதோறும் ஏடுகள் எழுதப்படுகின்றன. அவற்றுள் பலவற்றின் முடிவுரை, இரு நூல்களுக்கும் இடையே இத்தனை ஒப்புமைகள் காணப்படுகின்றன என்னும் பட்டியலாகவே முடிகிறது. அவ்வொப்புமை கடனாக வந்ததா, பொது மூலத்திலிருந்து வந்ததா, ஒரே வகைச் சமூகச் சூழலில் தனித்தனியே தோன்றியதா என்னும் வினா எழுப்பப்படுவதே அரிது.

மேலைநாட்டு இலக்கிய ஆய்வு இவ்வேறுபாட்டை நூல் தலைப்பிலேயே காட்டியுள்ளது. சாசரின் கேன்டர்பரி கதைகள் குறித்து 1941இல் பிரயனும் டெம்ஸ்டரும் பதிப்பித்த தொகுதியின் தலைப்பு ‘மூலங்களும் அனலாகுகளும்’ என்னும் பொருளுடையது. சாசர் பயன்படுத்தியது மூலம். கதையால் ஒத்திருந்தும் அவர் பயன்படுத்தியதாகக் காட்ட இயலாதது ‘அனலாக்’. தமிழியலிலும் இவ்விரு நெறிக்கும் சிறந்த முன்னோடிகள் உண்டு. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூல் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிய வீரநிலைப் பாடல்களோடு ஒப்பிட்டது. அங்கு ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றனர் என்னும் வாதம் இல்லை. ஒத்த சமூகநிலை ஒத்த பாடலை ஈன்றது என்பதே வாதம். ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலோ, சங்கப் பாடல்களுக்கும் பிராகிருத சத்தசைக்கும் தக்காணத்து வாய்மொழி மரபு பொது ஊற்றாகும் என்று வாதிட்டது. முன்னது செயலொத்தல், பின்னது வழியொத்தல். இவ்விரு வாதங்களையும் நிறுவத் தேவையான சான்றுகள் முற்றிலும் வேறானவை. முன்னதற்குச் சமூக அமைப்பின் சான்று வேண்டும்; பின்னதற்குத் தொடர்பின் சான்று வேண்டும். இரண்டனையும் ‘ஒப்புமை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும் ஆய்வேடு இரண்டனுள் எதற்கும் சான்று தரும் கடமையிலிருந்து தப்பிவிடுகிறது. சொல்லின் சோம்பல் இங்கு ஆய்வின் சோம்பலாகிறது.

மொழியியலார் இவ்வகையில் விழிப்புடன் இருந்துள்ளனர். ‘அவை’ என்பதே பன்மையாயிருக்க, ஏனைப் பன்மைச் சொற்களைப் பார்த்து ‘அவைகள்’ என ஆக்கிக்கொள்வதை அவர்கள் ‘ஒப்புமையாக்கம்’ என்று வழங்குகின்றனர். ‘ஆக்கம்’ என்னும் ஒட்டு அதனைப் பிற ஒப்புமைகளினின்று பிரித்துவிடுகிறது. சிறு ஒட்டு ஒன்று செய்யும் பணி இது.

எதிர்க்கூற்றுகளும் மறுப்பும்

பல சொற்கள் இருந்தால் மாணவர் குழம்புவர் என்பது முதல் எதிர்க்கூற்று. இதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஒரு துறைக்குள் ஒரு கருத்துக்குப் பல சொற்கள் வழங்குதல் தீது. அதனை இக்கட்டுரையும் உடன்படுகிறது. ஆயின் சீர்மை வேண்டுவது கருத்துக்கும் சொல்லுக்கும் இடையே. ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் இடையே அன்று. இரு கருத்துகளை ஒரு சொல்லில் அடைத்தலும் குழப்பமே. தலைநகரில் 1961இல் அமைந்த அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் வழிவந்த இந்திச் சொற்களிலும் மின்னணுவியலுக்கு ‘அனுரூப்’ என்றும் உயிரியலுக்குச் ‘சமவிருத்தி’ என்றும் வேறுபாடு உண்டு.

‘அனலாக்’ என்றே ஒலிபெயர்த்து எழுதிவிடலாம் என்பது இரண்டாம் எதிர்க்கூற்று. மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்போரிடையே அச்சொல் நன்கு வழங்குகிறது. அங்கு அதனை விலக்க வேண்டியதில்லை. ஆயின் உயிரியலில் ‘அனலாகஸ்’, ‘ஹோமோலோகஸ்’ என எழுதினால் மாணவர்க்கு இரு ஒலிகளே கிடைக்கும். ‘செயலொத்த’, ‘அமைப்பொத்த’ என எழுதினால் வேறுபாடே கிடைக்கும். ஒலிபெயர்ப்பு குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்கிறது.

‘ஒப்புமை’ பொதுச்சொல்லாதலின் அனைத்தையும் அடக்கும் என்பது மூன்றாம் எதிர்க்கூற்று. அனைத்தையும் அடக்கும் சொல் எதனையும் பிரிக்காது. ‘ஹோமோலாக்’ என்பதும் ஒப்புமையே, உவமையும் ஒப்புமையே, உருவகமும் ஒப்புமையே. பொதுச்சொல் பேச்சுக்குப் பயன்படும். கலைச்சொல்லின் பணியோ பிரித்துக் காட்டல்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

1. ‘அனலாக்’ என்பது ஒரு கருத்தன்று. ஓர் ஆங்கிலச் சொல்லின்கீழ் ஒதுங்கிய பல கருத்துகள். அவற்றுள் சில ஒன்றற்கொன்று மறுதலையானவை.

2. உயிரியலில் ‘செயலொத்த’ என்பது நிலைபெற்றுவிட்டது. அதனை ‘ஒப்புமை’ எனத் திருத்துதல் பின்னோக்கிய செயலாகும். வேதியியலுக்கும் மருந்தியலுக்கும் ‘அமைப்பு நிகரி’ எனலாம். ஒன்றற்கு நிகராக நிற்கும் கணினிக்கு ‘நிகரளவுக் கணினி’ என்பதும் இடையறாச் சைகைக்குத் ‘தொடர்முறைச் சைகை’ என்பதும் பொருந்தும். இலக்கியத்தில் ‘தொடர்பிலா இணை’ என்பது ஏற்கும். இவற்றினும் சிறந்தவை கிடைப்பின் அவையே நிற்க.

3. கலைச்சொல் பட்டியல்கள் ஆங்கில அகரவரிசையில் தொடங்குவதை விடுத்துத் துறையும் கருத்தும் பற்றித் தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அதன் மறுதலைச் சொல் தரப்படுதல் வேண்டும்.

4. ஒப்பிலக்கிய ஆய்வேடுகளில் ‘ஒப்புமை’ என்னும் சொல் வருமிடமெல்லாம் அது கடனா, பொது வழியா, தனித்தோற்றமா என ஆய்வாளர் உரைத்தலும், உரையாதவிடத்து நெறியாளர் வினவுதலும் கடமையாக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே முதலில் நடைபெற வேண்டுவது; அதற்கு எந்த ஆணையத்தின் ஒப்புதலும் நிதியும் தேவையில்லை. வினை, பயன், மெய், உரு என்று உவமவியலை வகுப்பறையில் உருவேற்றும் தமிழ்த்துறை, தன் ஆய்வேட்டில் ‘எதனால் ஒத்தது?’ என்று கேளாதிருக்குமாயின், அறிவியலார்க்குச் சொல் வழங்கும் தகுதி அதற்கு எங்ஙனம் வரும்?